சும்மா இருந்தவர்களின் சரித்திரம்

1784ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்தை அடுத்த பாஸி என்னும் ஊரில், அமெரிக்கத் தூதராக வந்து தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுடைய வீட்டுத் தோட்டத்தில், 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். தோட்டத்து மரங்களுள் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் டெஸ்லான் என்ற வைத்தியர் முன்கூட்டியே காந்த சக்தியை ஏற்றிவைத்திருந்தார். அதை அணுகியதும் பையனுக்கு உடம்பு பதறி மூர்ச்சை வரவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். முதல் மரத்தடியில் பையன் வியர்த்து இருமினான். இரண்டாவதில் தலை கிறுகிறுக்கிறது என்றான். மூன்றாவதில் கிறுகிறுப்பு முற்றிச் 'சக்தி மரம் பக்கத்தில்தான் இருக்கிறது' என்று சொன்னான். நான்காவது மரத்தடியில் கைகால் விறைத்து நினைவிழந்து விழ, அவனைத் தூக்கிப் புல்தரையில் கிடத்தினார்கள். சக்தி ஏற்றிய மரமோ அங்கிருந்து 24 அடி தள்ளி, யாராலும் தொடப்படாமல், தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் அருகிருந்து குறித்துக்கொண்டவர்கள் மன்னர் பதினாறாம் லூயி நியமித்த விசாரணைக் குழுவினர். வியன்னாவிலிருந்து 1778இல் பாரிஸுக்கு வந்த மெஸ்மர் என்ற வைத்தியர், பிரபஞ்சமெங்கும் பரவிய காந்தத் திரவம் ஒன்று மனித சரீரத்தில் தடைப்படுவதே சகல வியாதிக்கும் மூலம் என்று சொல்லி, இரும்புக் கம்பிகள் நீட்டிய பெரிய மரத்தொட்டியைச் சுற்றி நோயாளிகளை உட்காரவைத்து, அவர்கள் அழுதும் சிரித்தும் துடித்தும் ஓய்ந்தபின் சொஸ்தமாயிற்று என்று அனுப்பி, தலைநகரத்துப் பெரிய மனிதர்களையெல்லாம் தம் வாசலில் நிறுத்தியிருந்தார். டெஸ்லான் அவருடைய சீடர். குழுவில் ரசாயன சாஸ்திரி லவாய்சியர், வானசாஸ்திரி பெய்லி, டாக்டர் கில்லட்டின் முதலியோர் இருந்தார்கள். (பத்து வருஷத்துக்குள் பெய்லியும் லவாய்சியரும் அந்தக் கில்லட்டினின் பெயர் தாங்கிய யந்திரத்துக்கே தலைகொடுக்க நேர்ந்தது, அது வேறு கதை.) நோயாளிகளின் துடிப்பைக் குழுவினர் நடிப்பு என்று தள்ளிவிடவில்லை. சக்தி ஏற்றாத இடத்திலும், ஏற்றியிருக்கிறது என்று நோயாளி நம்பிவிட்டால் அதே துடிப்பு வருகிறது, ஏற்றிய இடத்திலும் அவருக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் வருவதில்லை என்று காட்டி, இது திரவத்தின் காரியமன்று, கற்பனையின் காரியம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். நியாய சாஸ்திரிகள் அதற்குக் காகதாலீயம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் பழம் காக்கையால் விழுந்ததா, தானே விழுந்ததா என்று நிர்ணயிப்பதற்கு வழி என்ன? காக்கை உட்காராத பனை ஒன்று பக்கத்தில் வேண்டும். அதிலும் பழம் விழுந்தால் காக்கைக்குச் சம்பந்தமில்லை என்று ஒருவாறு ஊகிக்கலாம். ஆனாலும் ஒரு மரம் போதாது. பனம்பழம் தன்னிச்சையாக விழுகிற சாதி, இன்று இதில் விழும், நாளை அதில் விழும். எத்தனை மரம் இருந்தால் ஊகம் நிச்சயமாகும் என்ற இரண்டாவது கேள்வி அங்கே பிறக்கிறது. கைராசிக்காரர் என்று நாம் கொண்டாடுகிற வைத்தியரிடம் போகாமலே எத்தனை பேருக்குக் காய்ச்சல் இறங்கியது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதை நினைத்தால், இவ்விரண்டு கேள்விகளும் மனித சுபாவத்துக்கு எவ்வளவு அந்நியமானவை என்பது விளங்கும். முதல் கேள்வியிலிருந்து கட்டுப்பாட்டுக் குழு வந்தது; இரண்டாவதிலிருந்து கருதுகோள் சோதனை வந்தது. இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். மனத்தைப் பற்றிய சாஸ்திரத்தில்தான் அவை சம்பந்தம் செய்துகொண்டன.

கட்டுப்பாட்டுக் குழு என்ற பெயர் எனக்குப் பிடித்தமானதன்று. சிகிச்சையோ பயிற்சியோ பெறாமல் சும்மா விடப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் எதையும் கட்டுப்படுத்துவதுமில்லை, யாரும் அவர்களைக் கட்டிவைப்பதுமில்லை. ஆனால் பாடநூல்களில் அந்தப் பெயர் ஊன்றிவிட்டது. இனிப் பிடுங்க முடியாது.

மனோதத்துவத்தை அளவைக்குள் கொண்டுவந்தவர் லைப்ஸிக் பேராசிரியர் பெக்னர். அவருடைய பெருநூல் 1860இல் வெளிவந்தது. இரண்டு எடைகளின் வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட வாசலுக்குக் கீழே போனால் மனம் அதை உணர்வதேயில்லை என்பது அவர் மதம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் தர்க்கம் போதித்துக்கொண்டிருந்த சார்லஸ் பர்ஸுக்கு இதில் சந்தேகம். அவரும் அவருடைய மாணவர் ஜோசப் ஜாஸ்திரோவும் ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் எடையைச் சற்றே கூட்டியும் குறைத்தும் சோதித்து, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று தோன்றினாலும் ஏதாவதொரு பதிலைச் சொல்லியே தீரவேண்டும் என்று விதிசெய்துகொண்டார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு நுட்பமான ஆபத்து புலப்பட்டது: எடையை மாற்றுகிறவர் தம் மனம் போனபடி மாற்றினால் அந்தப் போக்கில் ஒரு பழக்கம் படிந்துவிடும், எதிரே இருப்பவர் எடையை உணர்வதற்குப் பதில் மாற்றுகிறவரின் மனத்தைப் படித்துவிடுவார். ஆகவே ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்துப்போட்டு, வந்த சீட்டின் ஆணைப்படி எடையை மாற்றினார்கள். சூதாட்டத்துக்கு மட்டும் உரியது என்று பெரியோர் ஒதுக்கிவைத்த சீட்டுக்கட்டு விஞ்ஞானத்தின் நடுநிலைக்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்தது அந்தச் சோதனையில்தான். கட்டுரை 1885இல் பிரசுரமாயிற்று. 'தெரியவில்லை' என்று சொன்ன தருணங்களிலும் பதில் பாதிக்கு மேல் சரியாக இருந்தது. பெக்னர் கட்டிய வாசலுக்குக் கதவு இல்லை என்று ஏற்பட்டது.

சும்மா விடப்பட்ட குழு பிறந்தது பள்ளிக்கூடத்தில். லத்தீனும் க்ஷேத்திரகணிதமும் கற்றால் புத்தி முழுவதுமே கூர்மையாகும் என்று பல தலைமுறை ஆசிரியர்கள் நம்பியிருந்ததை, 1901இல் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஒரு விஷயத்தில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குக் கடந்துசெல்கிறதா? பயிற்சிக்கு முன் ஒரு பரீட்சை, பின் ஒரு பரீட்சை வைத்து, மதிப்பெண் ஏறியிருந்தால் பயிற்சியின் பலன் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பரீட்சையை ஒரு முறை எழுதியவன் மறுமுறை நன்றாக எழுதுவது இயற்கை. குழந்தைக்கு இடையில் வயதும் ஏறுகிறது. லண்டன் பள்ளிகளில் ஞாபக சக்தியை ஆராய்ந்த விஞ்ச் என்பவர் 1908இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், முதல் பரீட்சையைக்கொண்டு வகுப்பை ஏறக்குறைய சமமான இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மனப்பாடப் பயிற்சி கொடுத்து, மறு பாதியை அந்தப் பயிற்சியில்லாமல் வேறு வேலையில் விட்டு, இறுதியில் இருவரையும் ஒன்றாகப் பரீட்சித்தார். அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்காவில் கூவரும் ஏஞ்சலும் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். 1923இல் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மக்கால், கல்வியில் பரிசோதனை செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதி, சமமான பாதிகளைத் தேடிப் பொறுக்கி அலுத்துப்போகவேண்டாம், குலுக்கிப் பிரித்தாலே போதும் என்றார். சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போடுகிறவனும் தன் விருப்பு வெறுப்பை விலக்கிவைப்பதற்காகத்தானே போடுகிறான்? மக்கால் கேட்டதும் அதுவே.

இதுவரை கணக்கு வரவில்லை. கணக்கு வந்தது சாராயக்காரர் வீட்டிலிருந்து. சரியாகச் சொன்னால், டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையிலிருந்து. 1899இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட், பார்லியும் ஹாப்ஸும் சில மாதிரிகளாகவே கைக்கு வருகிற உத்தியோகத்தில் இருந்தபடியால், ஆயிரக்கணக்கான அளவுகளை நம்பியே வளர்ந்திருந்த அக்காலப் புள்ளியியல் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நாலைந்து அளவுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியைத் தாமே கட்டியழுது, 1908இல் விடை கண்டார். ஆலையின் ஏற்பாட்டின்படி சொந்தப் பெயரில் எழுதக்கூடாதாகையால், 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று கையெழுத்திட்டார். உலகம் முழுவதும் பேராசிரியர்கள் இன்றும் ஸ்டூடண்ட் சோதனை என்றே அதை மாணவர்களுக்குப் போதித்துவருகிறார்கள்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பார்லி அன்று, பைத்தியக்கார ஆஸ்பத்திரி. மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ என்ற ஊரில் இருந்த மனநோய் விடுதியில், தூக்க மருந்துகளின் தராதரத்தை அறிய விரும்பிய குஷ்னியும் பீபிள்ஸும், ஓரிரவு மருந்து கொடுத்து மறு இரவு ஒன்றும் கொடுக்காமல் சும்மா விட்டு, சும்மா விட்ட இரவைவிட மருந்து கொடுத்த இரவில் எத்தனை மணி அதிகம் தூங்கினார்கள் என்று குறித்து, 1905இல் வெளியிட்டிருந்தார்கள். இங்கே தனியாக ஒரு குழு இல்லை. நோயாளியே தன் சும்மா விட்ட இரவுக்கு எதிராகத் தானே நிற்கிறான். காசெட் எடுத்தாண்டது 10 நோயாளிகளின் கணக்கு. முதல் மருந்தால் சராசரி 0.75 மணி நேரம் அதிகத் தூக்கம். இரண்டாவது மருந்தால் 2.33 மணி. ஆளுக்கு ஆள் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருகிற வித்தியாசங்கள் இவை: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58. ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்து மேல். ஒருவருக்கு இரண்டும் ஒன்று. இந்தப் பத்து எண்கள் தங்களுக்குள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக்கொண்டு சராசரியின் தள்ளாட்டத்தைக் கணக்கிட்டால் 0.39 வருகிறது, 1.58 அதைப்போல் நாலு மடங்குக்குச் சற்று அதிகம். இரண்டாவது மருந்தே மேல் என்பதற்கு 666க்கு 1 என்று பந்தயம் கட்டலாம் என்று காசெட் எழுதினார். மருந்துகளின் பெயரை மட்டும் அவர் தவறாக எழுதிவிட்டார். கணக்கு சரி, சீசாவின் மேல் ஒட்டிய சீட்டுதான் தப்பு!

இந்த விதையை வாங்கி மரமாக்கியவர் ரொனால்ட் பிஷர். 1919இல் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, எருவிட்ட பாத்தியையும் எருவிடாத பாத்தியையும் எவ்விதம் அமைத்தால் மண்ணின் ஏற்றத்தாழ்வு கணக்கைக் கெடுக்காது என்று ஆராய்ந்து, பாத்திகளைக் குலுக்கிப் பிரிப்பதே வழி என்று நிறுவினார். 1925இல் வந்த அவருடைய நூலில் கலமசூ நோயாளிகள் மறுபடியும் தூங்குகிறார்கள். 1935இல் வந்த இன்னொரு நூலில், பாலை முதலில் விட்டதா தேநீரை முதலில் விட்டதா என்று ருசியிலேயே சொல்லுவேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பை வைத்த கதை வருகிறது. எல்லாப் பாடநூலிலும் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை. குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும். இன்மைக் கருதுகோள் என்று நாம் சொல்வதற்கு அவர் பெயர் சூட்டியது அந்த நூலில்தான். நம் சாஸ்திரக்காரர்கள் பூர்வபட்சத்தை முதலில் நிலைநாட்டி, பிறகு அதைச் சாய்ப்பதுபோல, 'சிகிச்சைக்கும் சும்மா இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை' என்று எதிராளியின் வார்த்தையை முதலில் ஒப்புக்கொண்டு, அப்படியானால் நாம் கண்ட வித்தியாசம் எவ்வளவு அபூர்வமாக நிகழக்கூடியது என்று கேட்பது அதன் முறை. இருபதில் ஒன்றுக்கும் அபூர்வமானால் பூர்வபட்சம் சாய்ந்தது எனலாம் என்றார். ஏன் இருபது? வசதியாக இருக்கிறது என்பதற்குமேல் அவர் காரணம் சொல்லவில்லை. கடைக்காரன் ரூபாய்க்குச் சில்லறை வைத்துக்கொள்வதுபோல் வைத்த ஓர் எண், பின்னால் வேதவாக்காயிற்று.

நேமன் என்ற போலந்துக்காரரும் எகான் பியர்சனும் 1933இல் வேறொரு வழி சொன்னார்கள். பூர்வபட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடக்கூடாது, மாற்றுக் கருதுகோளும் எதிரே நிற்கவேண்டும். இல்லாததை உண்டென்பது ஒரு பிழையானால் உள்ளதை இல்லையென்பதும் ஒரு பிழை, இரண்டையும் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டுதான் சோதனையில் இறங்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. பிஷர் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரே கட்டிடத்தில் இரு கட்சியாரும் இருந்தபோது, தேநீர் அறைக்கு ஒரு கட்சி போய்விட்டு வந்தபிறகே மறு கட்சி போகும்.

மனோதத்துவக்காரர்கள் இந்தச் சண்டையைக் கவனிக்கவில்லை. பிஷரின் முறை அயோவா மாகாணத்து விவசாயக் கல்லூரிக்கு வந்து, அங்கே ஸ்னெடிகர் 1937இல் எழுதிய நூலாலும், அதே மாகாணத்தில் லிண்ட்குவிஸ்ட் கல்வி ஆராய்ச்சிக்கென்று 1940இல் எழுதிய நூலாலும் பரவி, மகா யுத்தம் முடிந்த சில வருஷங்களில் மனோதத்துவப் பத்திரிகைகளை முழுவதும் ஆட்கொண்டது. பிஷரின் பூர்வபட்சமும் நேமனின் இரு பிழைகளும் ஒரே பாத்திரத்தில் கலந்து, கலந்தவர் யார் என்ற குறிப்பே இல்லாமல், பாடநூல்களில் பரிமாறப்பட்டன. அட்டவணையில் ஓர் எண்ணுக்குத் தலைமேல் நட்சத்திரம் விழுந்தால் அது இருபதில் ஒன்றைத் தாண்டியது; இரண்டு விழுந்தால் நூறில் ஒன்று. ஜாதகம் பார்ப்பதற்கு நட்சத்திரம் அவசியமானதுபோல, பிரசுரமாவதற்கும் அவசியமாயிற்று. 1959இல் ஸ்டர்லிங் என்பவர் நான்கு பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தார். சோதனை செய்த கட்டுரைகள் 294; அவற்றுள் பூர்வபட்சத்தைச் சாய்த்தவை 286. நூற்றுக்கு 97. தோற்றவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள் போலும். மூன்று வருஷம் கழித்து ஜேக்கப் கோஹன் வேறொரு பத்திரிகையின் 70 கட்டுரைகளை எடுத்து, நடுத்தரமான வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வல்லமை இந்தச் சோதனைகளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார், சரிபாதிகூட இல்லை. நாணயத்தைச் சுண்டியிருந்தால் செலவாவது மிச்சம்.

நாணயம் சுண்டிய சோதனை ஒன்றும் உண்டு; அதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை முடிக்க மனமில்லை. ஹார்வர்டு வைத்தியரும் தர்மசிந்தை மிக்கவருமான ரிச்சர்ட் காபட், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் ஊர்களின் ஏழைப் பையன்கள் குற்றவாளிகளாகாமல் தடுக்கவேண்டுமென்று ஒரு திட்டம் வகுத்தார். 506 பையன்களை, வயது, குடும்பம், சுபாவம், அக்கம்பக்கம் எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயத்தைச் சுண்டி, ஒருவனைச் சிகிச்சைக் குழுவில் சேர்த்து மற்றவனைச் சும்மா விட்டார்கள். 1939இல் தொடங்கி 1945 வரை ஆலோசகர்கள் மாதத்துக்கு இருமுறை போல வீட்டுக்குப் போய், பாடம் சொல்லிக்கொடுத்து, வைத்தியம் பார்த்து, கோடை முகாமுக்கு அனுப்பி, சொந்த அண்ணன்போல் இருந்து பார்த்துக்கொண்டார்கள். காபட் அந்த முதல் வருஷமே காலமாகிவிட்டார். முப்பது வருஷம் கழித்து ஜோன் மக்கார்டு என்ற அம்மையார் நடுவயதை எட்டிவிட்ட அந்தப் பையன்களைத் தேடிப்போய்க் கேட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் பதிலளித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். தங்கள் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. இந்த வாக்குமூலங்களோடு நின்றிருந்தால் காபட்டுக்குச் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் சும்மா விடப்பட்ட 253 பேர் பக்கத்தில் இருந்தார்கள். நீதிமன்ற, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டி அவர்களோடு ஒப்பிட்டதில், அன்பும் பரிவும் பெற்றவர்களுக்கு ஒரு மேன்மையும் இல்லை. ஒருமுறை குற்றம் செய்தவர் மறுபடி செய்வதும், குடிக்கு அடிமையாகும் அறிகுறிகளும், கடுமையான மனநோயும் அவர்களிடமே அதிகம். 1978இல் மக்கார்டு இதை வெளியிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது.

நட்சத்திரங்களை எண்ணுவதே சாஸ்திரம் என்று ஒரு தலைமுறை எண்ணிக்கொண்டிருந்த அதே நாளில் இப்படியும் ஒரு வேலை நடந்தது. என் அபிப்பிராயத்தில், மனோதத்துவம் உலகத்துக்குத் தந்த பெரிய தனம் அந்தச் சும்மா விடப்பட்ட குழுதான். கருதுகோள் சோதனை அதன் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையை முதலாளியின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்; விளைவு தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 2015இல், பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி, மனோதத்துவப் பத்திரிகைகளில் வந்த 100 பரிசோதனைகளைத் திருப்பிச் செய்து பார்த்ததன் முடிவு வெளியாயிற்று. மூலக் கட்டுரைகளில் நட்சத்திரம் பெற்றவை நூற்றுக்கு 97. ஸ்டர்லிங் கண்ட அதே 97. திருப்பிச் செய்தபோது பெற்றவை 36. அதன்பின், கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் சோதனைக்கு முன்பே பதிவுசெய்துவிட்டு இறங்குகிற வழக்கம் வேகமாகப் பரவிவருகிறது. பந்தயம் முடிந்தபின் குதிரையின் பெயரை மாற்றி எழுதுவது அதனால் கடினமாயிற்று.

கலமசூவின் பத்து நோயாளிகளை மட்டும் யாரும் வெளியே விடவில்லை. புள்ளியியல் மாணவர்கள் கையாளும் ஆர் என்ற கணினி மொழியில் 'ஸ்லீப்' என்ற பெயரில் அவர்களுடைய இருபது எண்களும் கூடவே வருகின்றன. கணினியைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது நோயாளிக்கு நேரே இரண்டு மருந்துக்கும் ஒரே எண்தான் இருக்கும்: கழித்தல் 0.1. எந்த மருந்தைக் கொடுத்தாலும், சும்மா விட்ட இரவைவிட அவர் ஆறு நிமிஷம் குறைவாகவே தூங்கினார்.